மதில் மேல் வைத்த தட்டு

க்ரியோவ்ரிசி, கிரீட் தீவு
செப்டம்பர் 1975

அன்பு மகள் கலியோபிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் என் தேனீக்களும் கடவுள் கிருபையில் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குத்தான் சுகமாக இருந்தது, அதை விடு. அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளை நிகிதாஸும் பெரியவனும் இன்னும் பெயர் வைக்காத சின்னவனும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் ஒளிக்காமல் எழுது. உன் கடிதமும் போட்டோவும் மாதா திருநாளுக்கு முன்பே வந்துவிட்டன. பதில் இவ்வளவு தாமதமானதற்கு என்னைத் திட்டாதே, திட்டுவதானால் எதிரே உட்கார்ந்து பாதாம் உடைத்துக்கொண்டிருக்கிறாளே உன் அம்மா, அவளைத் திட்டு. சின்னவனின் காதுகள் எங்கள் வம்சத்துக் காதுகள், அதில் சந்தேகமில்லை. மூக்கு யாருடையது என்று தெரியவில்லை, அது மாப்பிள்ளை வீட்டாரின் பொறுப்பு. அங்கே இப்போது குளிர் என்று எழுதியிருக்கிறாய், ஆகஸ்டில் குளிர் என்பதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் பிள்ளைக்குத் தலையில் துணி கட்டி வை. இந்த வருஷம் மழை குறைவு, தேனீக்கள் தேடும் தைம் பூ சீக்கிரம் காய்ந்துவிட்டது, தேன் பாதிதான் கிடைத்தது, ஆனால் கெட்டியாக நல்ல மணமாக இருக்கிறது. ஊருக்கு மின்சாரக் கம்பி வந்துவிட்டது. காபிக்கடையில் ஒரு பல்பு எரிகிறது, அதைப் பார்ப்பதற்கென்றே கிழவர்கள் எல்லாரும் சாயங்காலம் போய் உட்காருகிறார்கள், நானும்தான்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சின்னவனுக்கு நம் ஊர் தெஸ்பினாவின் மகன் மினாஸ்தான் ஞானத்தகப்பன் என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை ஆலையில் இருந்தபோது உனக்கு வலி எடுத்தது, மினாஸ் தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தான், நீ கப்பலில் போய் இறங்கிய நாளிலிருந்து கூடப்பிறந்தவனைப் போல இருக்கிறான் என்றெல்லாம் எழுதியிருந்தாய். பிள்ளைக்கு மாமன் பெயரை, அதாவது உன் அம்மாவின் அண்ணன் பாவ்லிஸின் பெயரை வைக்கப்போகிறோம் என்றும் எழுதியிருந்தாய். முறைப்படி இரண்டாவது பிள்ளைக்கு என் பெயர்தான் வர வேண்டும். நான் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுக்கொடுத்துவிட்டேன், மூன்றாவது ஒன்று வராமலா போய்விடும். அம்மா சம்மதிக்காவிட்டால் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுகிறேன், மினாஸும் வருத்தப்படாமல் விலகிக்கொள்கிறேன் என்கிறான் என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் சின்னவனுக்கு ஞானஸ்நானச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள், ஒரு கை முடிந்திருந்தது. ஊசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து வீட்டில் இருந்த கம்பளிகளையெல்லாம் எடுத்து ஊற்றடியில் துவைத்தாள், துவைத்ததையே மறுபடி துவைத்தாள். "உங்க பொண்ணு என்ன எழுதியிருக்கா பாத்தீங்களா, உங்க பொண்ணு" என்று அவ்வளவுதான் பேச்சு. கோபம் வந்தால் நீ என் மகள் மட்டும்தான், உனக்கே தெரியும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு நீ உன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், அரைகுறையாகச் சொல்லக் கூடாது. யுத்தத்தில் ஜெர்மன்காரர்கள் தீவைப் பிடித்து வைத்திருந்த அந்த ஆகஸ்டில் இரண்டு ஜெர்மன் சிப்பாய்கள் ஆடு பிடிக்க நம் ஊருக்கு ஏறி வந்தார்கள். மினாஸின் அப்பா ஸ்ட்ராதிஸ் மலையில் இருந்த கெரில்லாக்களோடு சேர்ந்திருந்தான். ஊற்றுக்கு மேலே வளைவில் மறைந்திருந்து இரண்டு பேரையும் சுட்டான். ஊரில் யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லிவிட்டும் போகவில்லை. மறுநாள் விடியும்போது லாரிகள் வந்துவிட்டன. பெண்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் போட்டுப் பூட்டினார்கள், கையில் கிடைத்த ஆண்களையெல்லாம் களத்துமேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சுட்டார்கள், பிறகு வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். என் அப்பாவும் என் அண்ணனும் அங்கே போனார்கள். உன் அம்மாவின் அப்பாவும் பாவ்லிஸும் போனார்கள், பாவ்லிஸுக்கு அப்போது பத்தொன்பது. நான் மேலே ஆட்டுப்பட்டியில் இருந்தேன், புகையைத்தான் பார்த்தேன், அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத ஒருவன் மிஞ்சியிருக்கிறேன். பள்ளிக்கூட ஜன்னல் வழியாக மகன் போவதைப் பார்த்து உன் அம்மாவின் அம்மா மரினா "பாவ்லீ, பாவ்லீ" என்று கத்தியிருக்கிறாள். அவன் திரும்பிப் பார்த்து ஒரு கையைத் தூக்கினானாம். உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், பதினாறு வயசு. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதில்லை, வருஷத்துக்கு ஒருமுறை பாதிரியார் செத்தவர்களின் பெயர்களோடு சேர்த்து மெல்லப் பாடுவதோடு சரி.

ஸ்ட்ராதிஸும் அந்தக் குளிர்காலத்திலேயே மலையில் செத்துப்போனான், எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. அவன் மனைவி தெஸ்பினா கைக்குழந்தை மினாஸோடு ஊருக்குத் திரும்பி வந்தாள். சுட்டவர்கள் லாரி ஏறிப் போய்விட்டார்கள், அவர்களை எங்கே போய்ப் பிடிப்பது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் தெஸ்பினா ஒருத்திதான். "அவன் சுட்டான், நாங்க செத்தோம்" என்று ஊரே சொன்னது. நான் அன்றைக்கும் அதை ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் இல்லை. என் அப்பனைக் கொன்றவன் துப்பாக்கியைப் பிடித்திருந்தவன், அவனுக்கு உத்தரவு போட்டவன். ஸ்ட்ராதிஸ் யோசிக்காமல் செய்தான், அது வேறு. இதைக் காபிக்கடையில் சொல்லி இரண்டு தடவை அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. வீட்டில் சொன்னால் சோறு கிடைக்காது, அதனால் வீட்டில் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன். போன வசந்தத்தில் ஒரு ஜெர்மன் கணவனும் மனைவியும் வழி தவறி ஊருக்கு வந்தார்கள். செத்தவர்கள் பெயர் வெட்டிய நினைவுக் கல்லின் முன்னால் நின்று தேதியைப் படித்ததும் அந்த ஆள் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டான். உன் அம்மா குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்க மாட்டேன் என்கிறான். "குடி, வெயில்ல வந்திருக்கே, குடி" என்று இவள் கிரேக்க மொழியிலேயே அதட்டினாள், அவனும் குடித்தான். அவர்கள் போன பிறகு நான் கேட்டேன், ஒரு ஜெர்மன்காரனுக்குத் தண்ணி குடுக்க முடியுது, தெஸ்பினாவுக்கு ஒரு வார்த்தை குடுக்க முடியலையா என்று. அன்றைக்கு எனக்குக் காய்ந்த ரொட்டியும் ஆலிவும்தான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் களத்துமேட்டில் போனவர்களுக்கு வைக்கும் அஞ்சலி நாள் உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவித்த கோதுமை ஒரு தட்டு வரும், சர்க்கரையும் பாதாமும் உலர்ந்த திராட்சையும் போட்டு, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி நட்டு. கோவில் முற்றத்தில் நீள மேஜையில் வரிசையாக வைப்போம், பாதிரியார் ஒவ்வொரு தட்டாக வந்து அந்த வீட்டில் செத்தவரின் பெயரைச் சொல்லி ஆசீர்வதிப்பார், பிறகு ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக் கோதுமையை வாயில் போட்டால் "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லியாக வேண்டும். அதனால்தான் தெஸ்பினாவின் தட்டை யாரும் தொட்டதில்லை. முதல் வருஷம் அவள் தட்டோடு வந்தபோது மரினா வாசலில் மறித்து அதை வாங்கி வெளியே மல்பெரி மரத்தடி மதில் மேல் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து தெஸ்பினா ஒவ்வொரு வருஷமும் தட்டைக் கொண்டுவந்து அந்த மதில் மேலேயே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். மற்றவர்கள் திராட்சை போடுவார்கள், அவள் மட்டும் மாதுளை முத்து போடுவாள், அவள் வீட்டு வாசலில் நிற்கும் மரம் ஸ்ட்ராதிஸ் நட்டது. ஆகஸ்டில் மாதுளை எங்கே பழுத்திருக்கும், ஆனாலும் போடுவாள். பிந்திய வருஷங்களில் சாயங்காலம் பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். ஆடு தின்றிருக்கும் என்று ஊர் சொல்லும்.

இந்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு புதுப் பாதிரியார் வந்திருக்கிறார், சமவெளிக்காரர், தாடி இன்னும் முழுதாக முளைக்காத வயசு. மதில் விஷயத்தை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாருமே இருந்துவிட்டோம். மனுஷன் காலையில் வந்தார், மதில் மேல் ஒரு தட்டு இருப்பதைப் பார்த்தார், யாரோ வயசானவள் தூக்க முடியாமல் வைத்துவிட்டாள் போல என்று தானே எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் எங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதோடு விட்டாரா, மெழுகுவர்த்தி சாய்ந்திருக்கிறது என்று அதை நிமிர்த்தியும் வைத்தார். முற்றத்தில் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். தெஸ்பினா வாசலுக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் ஒன்றும் தெரியாமல் ஒவ்வொரு தட்டாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார், எங்கள் தட்டையும் முடித்தார், அடுத்த தட்டுக்கு வந்து நின்றார். "இது யாரோட பேருக்கும்மா?" என்று உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார், அவள்தான் பக்கத்தில் நின்றாள். கிழவி மருலியா முந்திக்கொண்டு, "அது நம்ம தட்டு இல்ல சாமி, வெளியே வைங்க" என்றாள். பாவம், அவளுக்கு இரண்டு மகன்கள் களத்துமேட்டில் போனார்கள், அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பாதிரியார் முகம் சிவந்துபோய், "கோதுமையில உள்ள என்ன, வெளிய என்னம்மா, பேர் சொன்னா படிச்சிடுறேன்" என்றார். நான் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நான் சொன்னால் அது ஸ்டெலியோஸின் வழக்கமான சண்டை, எல்லாரும் அறிந்தது, அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. களத்துமேட்டுக்கு அப்பனையும் அண்ணனையும் கொடுத்து, தட்டை வெளியே மதில் மேல் வைத்த மரினாவுக்குப் பிறந்தவள் சொன்னால்தான் அது சொல். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்தேன், தட்டைத் தூக்கி எறியப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஸ்ட்ராதிஸ். பேரு ஸ்ட்ராதிஸ். படிங்க சாமி, வெயில் ஏறுது" என்றாள்.

அவர் படித்தார். வாசலில் தெஸ்பினா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா அந்தத் தட்டில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்றாள். அடுத்து நான் போனேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள் வந்தார்கள், எல்லாரும் இல்லை. மருலியா எழுந்து வெளியே போய்விட்டாள், இன்றுவரை எங்களோடு பேசவில்லை, அவளாக வரட்டும், நான் தேன் கொடுத்தனுப்பியிருக்கிறேன், திருப்பி அனுப்பவில்லை. ஸ்ட்ராதிஸின் பெயரைக் கல்லிலும் வெட்ட வேண்டுமா என்று காபிக்கடையில் இப்போது பல்புக்குக் கீழே தினமும் சண்டை. நடக்கட்டும், சண்டை போடுகிற அளவுக்காவது பெயர் உள்ளே வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு. கையைத் தட்டிக்கொண்டு மேஜையை விட்டு நகரும்போது உன் அம்மா, "மாதுள இந்த வருஷமும் புளிப்புதான்" என்று முணுமுணுத்தாள். எனக்கு முழங்காலில்தான் கோளாறு, காதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், இந்த வருஷமும்னா, போன வருஷம் யாருடி தின்னது என்று. "ஆடு" என்றாள். ஆடு வந்து உங்கிட்ட புளிப்புன்னு சொல்லுச்சா என்றேன். அவள் கல்லால் பாதாமை உடைத்துக்கொண்டே இருந்தாள், எனக்கு முகத்தைக் காட்டவில்லை. பிறகு, தன் அம்மா மரினா செத்த வருஷத்திலிருந்து எல்லாரும் கலைந்துபோன பிறகு திரும்பிப் போய் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, மீதியைக் குருவிகளுக்குத் தூவிவிட்டு வருவதாகச் சொன்னாள். "அவிச்ச கோதுமய கேப்பாரில்லாம விட்டுட்டு வர மனசு வருமா? அவளும் எத்தன வருஷம் தொடாத தட்ட அப்படியே எடுத்துட்டுப் போவா?" என்றாள். சரி, தின்னா அந்த வார்த்தையச் சொல்லணுமே, சொன்னியா என்று கேட்டேன். "சொல்லாம எப்படி விழுங்குறது?" என்றாள். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறேன் கலியோபி, எனக்கு ஒன்றுமே தெரியாது. எல்லார் முன்னாலும் நான் அவளைப் பிடிவாதக்காரி, கல் மனசுக்காரி என்று கேலி பேசியிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது, தேனீ கொட்டியது என்று சொல்லிவிட்டு வெளியே போனேன், வீட்டுக்குள் ஏது தேனீ என்று அவளும் கேட்கவில்லை.

பிறகு அவளே சொன்னாள், உன் கடிதத்தில் அவளுக்குக் குத்தியது ஞானத்தகப்பன் யார் என்பதல்ல. ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையின் பெயரை முதன்முதலாகச் சொல்கிறவன் ஞானத்தகப்பன்தானே. பாவ்லிஸ் என்ற பெயர் ஸ்ட்ராதிஸ் மகனின் வாயிலிருந்தா வர வேண்டும் என்றுதான் கம்பளிகளைப் போட்டு அடித்திருக்கிறாள். தனியாக மதிலடியில் சொன்னபோதெல்லாம் வாய்தான் சொன்னது, மனசு கேட்கவில்லையாம். "இன்னிக்குத்தான் என் காதுல விழுந்துச்சு. நான் அவன் பேரச் சொல்லியாச்சு. அவன் மகன் என் அண்ணன் பேரச் சொன்னா என்ன இப்போ?" என்றாள். மறுநாள் தெஸ்பினாவின் தட்டைக் கழுவித் துடைத்து, புதுப் பாதாமை நிரப்பி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினாள், யார் தட்டையும் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லையே. நானும் பின்னாலேயே போனேன், எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாள், பாதாம் கனமாக இருக்கும் என்றேன். தெஸ்பினா கதவைத் திறந்து தட்டைப் பார்த்தாள், என்ன செய்வதென்று தெரியாமல் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து, பழைய விஷயம் ஒன்றைக்கூடத் தொடாமல், கோதுமையை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று வெகு நேரம் சண்டை போட்டார்கள். அடுத்த வருஷம் மாதுளையைக் குறைக்கச் சொல்லி உன் அம்மா உத்தரவு போட்டாள், தெஸ்பினா முடியாது என்றாள். ஞானத்தகப்பன் வீட்டார் இனி நமக்குச் சொந்தம், பழகிக்கொள்ள வேண்டியதுதான். மினாஸுக்கு எழுதட்டுமா என்று தெஸ்பினா கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரர் எழுதுவாரு, எழுத உக்காந்தா எந்திரிக்க மாட்டாரு" என்று பதில் வந்தது. என்னைத்தான்.

ஆகவே மகளே, தள்ளிப்போடாதே, ஞானஸ்நானத்தை நல்லபடியாக நடத்து. அடுத்த மாதம் கப்பலேறும் ஆள் மூலம் சட்டையும் ஒரு டின் தேனும் வருகின்றன. தேன் ஒழுகாமல் துணி சுற்றியிருக்கிறேன், ஆனாலும் நிமிர்த்தி வைத்துத் திற. சட்டையின் இடது கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அது கோபத்துக்கு முந்திப் பின்னியது, வலது கை கோபம் தணிந்த பிறகு பின்னியது, தளர்வாக இருக்கும், யாராவது கேட்டால் பிள்ளை வளர்வான் என்று சொல்லிவிடு. கொஞ்சம் பாதாம் மினாஸுக்கென்று தனியாகக் கட்டியிருக்கிறாள், பெரியவன் கையில் அகப்படாமல் அவனிடம் சேர்த்துவிடு. மாப்பிள்ளையை அதிக நேரம் வேலை பார்க்க வேண்டாம் என்று சொல், நீயும் பால் கொடுக்கிற உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உங்கள் எல்லாரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளைகள் நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததைப் பார்க்காமல் வளரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உன் அம்மா இரண்டு தடவை சொல்லி, எழுதிவிட்டேனா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு என்ன பெயர் என்று பாதிரியார் கேட்கும்போது மினாஸ் கூச்சப்பட்டு முணுமுணுக்கக் கூடாதாம். "சத்தமாச் சொல்லச் சொல்லுங்க. எங்கம்மா ஜன்னல்லேர்ந்து கூப்பிட்டாளே, அவ்வளவு சத்தமா. அன்னிக்கு அவன் கையத் தூக்கிட்டுப் போயிட்டான். இந்தத் தடவ கூப்பிட்டா வருவான்" என்கிறாள்.

உன் அப்பா,
ஸ்டெலியோஸ்